அக்கா பேரில் என் கை

போன செவ்வாய்க்கிழமை நான் ஒருத்தியைக் காட்டிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு வைத்ததும் மறுபடி ஆரம்பிக்கிறது. பரவாயில்லை… கேட்கிற தூரத்தில் பேசுகிறார்களே, அதுவரைக்கும் சந்தோஷம்.

நடந்தது இதுதான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எங்கள் எஸ்டேட்டுக்கு மெடிக்கல் வேன் வரும். காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார்களே, அந்த மஸ்டர் இடத்தில் ஒரு மேசை போடுவார்கள். ஒரு நர்ஸ், ஒரு பிரஷர் மிஷின். கார்டை நீட்ட வேண்டும், கையை நீட்ட வேண்டும். நர்ஸ் காற்றடித்துப் பார்த்துவிட்டு கார்டில் எழுதிக் கொடுப்பார். அவ்வளவுதான்.

எனக்குப் பார்த்து முடித்து ஸ்வெட்டர் கையை இறக்கிக்கொண்டு நின்றேன். அப்போது ஜோதி வந்தாள். பக்கத்து வீட்டு மாரியக்காவின் மருமகள். பத்து நிமிடம் முன்னால்தான் அவளுக்குப் பார்த்தார்கள். இப்போது தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மாமியாரின் பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, இன்னொரு கார்டோடு மறுபடி உட்கார்ந்தாள்.

"பேருங்க?"

"மாரியம்மா."

"வயசுங்க?"

"அம்பத்தி ரெண்டு."

ஜோதிக்கு இருபத்தி நாலு. நர்ஸ் நிமிரவே இல்லை. காலையிலிருந்து எத்தனை கையைத்தான் பார்ப்பார்? பனிக்கு எல்லோரும் மப்ளர் சுற்றி மூக்கை மட்டும் வெளியே விட்டிருந்தால் எந்த மூக்கு யாருடையது என்று கோயம்புத்தூரிலிருந்து வந்தவருக்கு எப்படித் தெரியும்?

எனக்குத் தெரியுமே.

"சிஸ்டர், இது மாரியக்கா இல்லைங்க. மாரியக்கா வீட்டுல படுத்திருக்காங்க" என்றேன்.

ஜோதி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே… "ஒனக்கு என்னடி வந்துச்சு? ஒன் கையவா கேட்டேன்?"

நர்ஸ் பேனாவை வைத்தார். துண்டை விலக்கி அவள் முகத்தை நன்றாகப் பார்த்தார். "ஏங்கண்ணு, அம்பத்தி ரெண்டு வயசுல இப்படி இருக்கறீங்களே, என்ன சோப்புங்க போடறீங்க? சொன்னீங்கன்னா நானும் வாங்கிப் போட்டுக்குவனுங்க."

வரிசையே சிரித்தது. பிறகு மாரியக்காவைக் கூட்டி வந்தார்கள், கம்பளியோடு. நர்ஸ் ஒரு தடவை பார்த்தார். அஞ்சு நிமிடம் உட்காரவைத்து இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் சிரிப்பு இல்லை. ஊட்டி ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கையில் கொடுத்தார்.

மாரியக்கா சீட்டைச் சுருட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "ஒங்கக்காவத்தான் அனுப்பிட்ட. இப்ப என் பேரையும் வெட்டவச்சு என்னையும் வெளிய அனுப்பப் பாக்குறியா புள்ள?"

மறுநாள் அவர் மருமகளோடு பஸ் ஏறி ஊட்டிக்குப் போய் மாத்திரை வாங்கி வந்துவிட்டார். வேளை தவறாமல் போடுகிறார் என்று சுவர் வழியாகக் கேட்கிறது. ஆனால் அவர் கேட்டதில் முதல் பாதி இருக்கிறதே, அந்த விஷயம்தான் இந்த ஒன்றரை மாதமாக என்னை எழுதவிடவில்லை. ஏன் பத்திரிகையில் இந்தப் பக்கத்தில் உன்னைக் காணோம் என்று தபால் கார்டு போட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா சரோஜா. வயது முப்பத்தொன்று. அக்கா போய்ச் சேர்ந்து ஐம்பது நாள் ஆகிறது.

எங்கள் அம்மா, அப்பா சிலோனிலிருந்து வந்தவர்கள். இரண்டு பேரும் அடுத்தடுத்து இறந்துபோனபோது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினெட்டு. அம்மாவின் இடத்தில் அக்காவுக்கு பெர்மனென்ட் வேலை கிடைத்தது. வேலை இருந்தால் லைன் வீடு. வேலை போனால் வீடும் போய்விடும். நான் ஏழாவதில் பெயிலாகி நின்றுவிட்டு, அக்கா பின்னாலேயே கொழுந்து பறிக்கப் போனவள். டெம்பரரி. கல்யாணப் பேச்சு எடுத்தால் அக்கா, "மொதல்ல ஒன்னத் தள்ளிவிட்டுட்டுப் பாப்போம்" என்பாள். தள்ளிவிடுவதற்கு என்னைவிட அவளுக்குத்தான் மனசு வராது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

கொழுந்து விலை விழுந்ததிலிருந்து எஸ்டேட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. மற்ற நாளில் அக்கா ஜீப்பில் தொற்றிக்கொண்டு இத்தலார் பக்கம் காய்கறித் தோட்டத்துக்குப் போவாள். பீட்ரூட் பிடுங்குவாள், கேரட் கழுவுவாள். திரும்பும்போது உடைந்தது, வெடித்ததெல்லாம் பை நிறையக் கொடுத்து அனுப்புவார்கள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் அக்கா விழுந்தாள். தலையில் கொழுந்து மூட்டை. எடை போடும் இடத்துக்குச் சீக்கிரம் போகலாம் என்று கவாத்து வெட்டிய காட்டுக்குள் குறுக்கே இறங்கினாள். கவாத்து வெட்டிய தேயிலைச் செடி எப்படி இருக்கும் தெரியுமா? இலை இருக்காது. முழங்கால் உயரத்துக்குக் கட்டை கட்டையாக, நுனி சாய்வாகச் சீவினபடி நிற்கும். சறுக்கி, அதன் மேல் இடது விலா ஓரமாகப் போய் விழுந்தாள். மூட்டையும் மேலே விழுந்தது.

எழுந்து வந்துவிட்டாள். மூட்டையை எடையும் போட்டுவிட்டாள். வீட்டில் ரவிக்கையைத் தூக்கிப் பார்த்தால் இடுப்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு நீலம். உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தேன். "மெதுவாடி, நான் என்ன அப்பளமா?" என்றாள்.

மறுநாள் பாத்ரூமிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். "புள்ள, இங்க வா. செவப்பா போகுது."

நான் எட்டிப் பார்த்தேன். யோசிக்கக்கூட இல்லை. "பீட்ரூட்தான்க்கா. மூணு நாளா அதைத்தானே திங்கிறோம். எனக்கும் ரோஸா போச்சு" என்றேன்.

பீட்ரூட் சாப்பிட்டால் அப்படிப் போவது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் அக்கா நம்பினாள். நானும் நம்பினேன். விலாவில் நீலம் இருக்கிறதே, இது ரத்தமாக இருந்தால்… என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. நாலு நாளில் அதுவும் நின்றது. வலி மட்டும் உள்ளே எங்கேயோ இருந்தது. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவோம். அக்கா அந்தக் கயிற்றைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டாள். அவ்வளவுதான் வைத்தியம்.

இரண்டு மாதம் கழித்து அவளுக்குத் தலைவலி வர ஆரம்பித்தது. காலையில் எழும்போதே பின்மண்டை இடிக்கும். கண் மங்கும். அந்த நேரத்தில்தான் லைன் முழுக்க ஒரு பேச்சு. ஆபீசில் லிஸ்ட் போடுகிறார்களாம். பிரஷர், சர்க்கரை என்று யாருக்கு இருந்தாலும் அன்ஃபிட் என்று பேர் வெட்டிவிடுவார்களாம். அதற்குத்தான் இந்த வேனே வருகிறதாம்.

வேன் வந்த அன்றைக்குக் காலையில் அக்கா தலை சீவிக்கொண்டே சொன்னாள். "புள்ள, நீ ரெண்டு தடவ கைய நீட்டிரு."

"எதுக்குக்கா?"

"மண்ட இந்த இடி இடிக்குது. இன்னிக்கு வச்சா மிஷின் ஏறிரும்."

"ஏறுனா ஏறட்டும். மாத்திர குடுப்பாங்க."

"மாத்திர குடுத்துட்டுப் பேர வெட்டுவாங்க. பேர் போனா வீடு போகும். அப்ப நீ எங்கடி போவ?"

பார்த்தீர்களா? தலை இடிப்பது அவளுக்கு. கவலை நான் எங்கே போவேன் என்பது. சேஃப்டி பின் இருந்தா குடு என்று கேட்பது போலத்தான் கேட்டாள். நானும் அப்படித்தான் கொடுத்தேன்.

அவள் ஸ்வெட்டர், அவள் கார்டு, என் கை. நர்ஸ் எழுதிக் கொடுத்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க. இப்படியே பாத்துக்கங்க" என்றார்.

நான் வீட்டுக்கு ஓடினேன். அக்கா கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். கார்டைப் பார்த்ததும் என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். டீயும் வர்க்கியும் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு… ஏழாவதில் பெயிலானவள் நான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது. அதுவும் அக்கா பேரில்.

சரி, அந்த லிஸ்ட்? அக்காவின் காரியமெல்லாம் முடிந்தபிறகு ஆபீசில் கணக்கு எழுதும் ரைட்டரிடம் போய்க் கேட்டேன்.

"லிஸ்டா? என்ன லிஸ்ட்மா?" என்றார் அவர்.

"பிரஷர் இருக்கிறவங்க பேர் வெட்டுற லிஸ்ட் சார்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கே பிரஷர் இருக்கும்மா. ஆறு வருஷமா மாத்திரை போடறேன். அப்படிப் பார்த்தா முதல்ல என் பேரைத்தானே வெட்டணும்? யார் சொன்னது?"

யார் சொன்னது? எல்லோரும் சொன்னார்கள். குழாயடியில் கேட்டோம், கோயிலில் கேட்டோம், ஜீப்பில் கேட்டோம். ஆபீசில் மட்டும் யாரும் கேட்கவில்லை. வேலை எப்போது போகுமோ என்று பயந்து கிடக்கிறவர்கள் எங்கே போய்க் கேட்போம்? தெரிந்தவரிடம் கேட்டால் உண்மை ஆகிவிடுமோ என்று தெரியாதவர்களிடமே கேட்டுக்கொண்டிருந்தோம்.

பாஸான பிறகு அக்கா சந்தோஷமாகத்தான் இருந்தாள். தலைவலிதான் போகவில்லை. ஒரு நாள் அவள் பறித்த கொழுந்தில் முத்தலும் காம்புமாகக் கிடந்தது. மேஸ்திரி கையை விட்டுக் கிளறிப் பார்த்தார். "என்ன சரோஜா, கொழுந்து பறிக்கிறியா, அடுப்புக்கு வெறகு பறிக்கிறியா?"

"ஒங்க வீட்டு அடுப்புக்குத்தான் அண்ணே" என்று சொல்லிவிட்டாள். சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் அவள் மாதிரி சுத்தமாகப் பறிக்கிறவள் கிடையாது. அவளுக்குக் கொழுந்து எது, முத்தல் எது என்று கண் தெரியவில்லை.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனேன். கம்பவுண்டர் கார்டை வாங்கிப் பார்த்தார்.

"பிரஷர் பாத்து ஒரு மாசம்தானே ஆச்சு? நல்லாத்தானே போட்டிருக்காங்க. இது பனித் தலைவலி. காதைக் கட்டிக்கிட்டுப் போ."

வலி மாத்திரை எடுத்துப் பொட்டலம் கட்டினார். நான் வாயைத் திறந்தேன். மேசைக்குக் கீழே அக்கா என் காலை மிதித்தாள். மெதுவாகத்தான் மிதித்தாள். அந்த மிதிக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் மேல் தப்பு இல்லை. அவர் படித்தது என் கையை. அக்கா தலைக்குள் என்ன நடக்கிறது என்று என் கைக்கு எப்படித் தெரியும்? அந்த அறையில் உண்மை தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி மறைத்தது எனக்காக. நான் மறைத்தது…? இன்றுவரை இந்த இடத்தில் வந்து நின்றுகொண்டிருக்கிறேன்.

பத்து நாள் கழித்து, காலையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவள் கையிலிருந்து மாவு விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே சாய்ந்தாள். வலது கையும் காலும் வரவில்லை. வாய் ஒரு பக்கமாகப் போய்விட்டது. ஜீப் பிடித்து ஊட்டிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. பிரஷர் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி எனக்கு மறக்காது. "இவங்களுக்கு எங்கயாவது அடி பட்டுச்சா? இடுப்புல, விலாவுல?"

"ஆமாங்க. மழையில… எப்படிங்க தெரியும்?"

"முப்பத்தோரு வயசுல இவ்வளவு பிரஷர்னா நாங்க கிட்னியைத்தாம்மா முதல்ல சந்தேகப்படுவோம்."

ஸ்கேன் எடுத்தார்கள். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுப் பொறுமையாகச் சொன்னார். விழுந்தபோது இடது பக்கத்துக் கிட்னி நசுங்கியிருக்கிறது. சுற்றி ரத்தம் கட்டியிருக்கிறது. கட்டின ரத்தம் நாளாக ஆக இறுகி, கிட்னியைப் பிடித்து நெருக்கிக்கொண்டே இருக்கிறது.

"நெருக்கினா கிட்னிக்குள்ள ரத்தம் சரியா போகாது. அது என்ன நினைச்சுக்கும்னா, உடம்புலயே ரத்த ஓட்டம் பத்தலன்னு நினைச்சுக்கும். உடனே பிரஷரை ஏத்து, ஏத்துன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். உடம்பும் ஏத்திக்கிட்டே இருக்கும். அதுதான் தலையில ரத்தக்குழாய் வெடிச்சிருச்சு."

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா…?"

"மாத்திரை கொடுத்திருப்போம். தேவைப்பட்டா ஆபரேஷன். அடி பட்டப்ப யூரின் சிவப்பா போச்சா?"

நான் தலையாட்டினேன். பீட்ரூட் என்று சொல்ல வாய் வரவில்லை.

அவர் கார்டைத் திருப்பிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "ஆனா இது நார்மல்னு இருக்கே. அடி பட்டு ரெண்டு மாசம் கழிச்சுத்தானே பாத்திருக்காங்க. எப்படி?"

கட்டிலில் இருந்து அக்காதான் பதில் சொன்னாள். பாதி வாயால், குழறிக் குழறி. "என்… கைதான்… டாக்டர்."

அப்போதும் எனக்காக. நான் அப்போதும் பேசவில்லை.

மறுநாள் காலை. ஜன்னலில் வெயில் வந்திருந்தது. அக்கா கொஞ்சம் தெளிவாக இருந்தாள். ஸ்பூனில் கஞ்சி கொடுத்தேன். நாலு வாய் குடித்தாள். ஒரு பக்கமாக ஒழுகியதைத் துடைத்தேன். "அப்பளம்… இப்ப… நமுத்துப்போச்சு" என்றாள். அந்த நிலைமையிலும் என்னைச் சிரிக்கவைக்க வேண்டும் அவளுக்கு.

நர்ஸ் பிரஷர் மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். பட்டையைப் பிரித்தார். அக்கா மிஷினைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என் கையைப் பார்த்தாள். கண்ணாலேயே 'நீட்டு' என்றாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பக்கத்தில் நர்ஸ் நிற்கிறார். கையில் டிரிப் ஏறுகிறது. ஒரு பக்கமே வரவில்லை. இப்போது போய், ஆள் மாறினால் தெரியாது என்று நினைக்கிறாள். இந்த மிஷின் ஏறினால் நான் தெருவில் நிற்பேன் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"வேணாம்க்கா" என்றேன்.

அவள் கேட்டு நான் மறுத்தது அந்த ஒரு தடவைதான். முன்னால் ஒரு தடவை மறுத்திருக்க வேண்டும்.

நர்சிடம் சொன்னேன். டாக்டரம்மா வந்தார். அவரிடமும் சொன்னேன். வேன் வந்தது, ஸ்வெட்டர் போட்டது, டிஸ்பென்சரியில் வாயை மூடியது, பீட்ரூட், எல்லாம். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவை எடுத்து, கார்டில் அந்த ஒரு வரியை மட்டும் கோடு போட்டு அடித்தார்.

"இது இவங்க பிரஷர் இல்ல. உங்க பிரஷர். அப்படித்தானே?"

"ஆமாங்க."

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். கோபப்படுவாளோ என்று பயந்து குனிந்தேன். அவள் நல்ல கையைத் தூக்கி, டிரிப்போடு, என் முழங்கைக்கு மேலே பிடித்தாள். பிடிதான் இருந்ததா, பலம் இருந்ததா, தெரியவில்லை.

"அப்ப… நீ… நல்லாருக்க" என்றாள்.

அவள் முகத்தில் அசைகிற பாதியில் நிம்மதி. அதற்கு மறுநாள் போய்விட்டாள்.

கூடப்பிறந்தவர்களுக்கு எதை வேண்டுமானாலும் கொடுங்கள்… பிரஷர் பார்க்கும்போது மட்டும் உங்கள் கையைக் கொடுத்துவிடாதீர்கள்.